கொடுப்புக்குள் ஒரு சிரிப்பு



திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று குருவானவர் ஊதா உடையை விட்டு றோசா நிற உடையோடு பீடத்துக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். 'மகிழுங்கள்' என்பதே அந்த ஞாயிறின் இலத்தீன் பெயர். தபசு காலத்தின் நடுவிலும் இப்படி ஒரு ஞாயிறு உண்டு. காத்திருப்பும் உபவாசமும் முடியுமுன்னரே திருச்சபைத் தாய் ஒரு நாள் முகம் மலர்கிறாள்.

மகிழ்ச்சி என்பது புத்தகத்துச் சொல். நம் வீடுகளில் அதற்கு எத்தனை பெயர்கள்! பரீட்சையில் பிள்ளை சித்தியடைந்த செய்தி வந்தால் தாய்க்குப் புளுகம் தாங்காது. (புளுகு வேறு, புளுகம் வேறு. கடல் கடந்த தமிழர் கேட்டால் பொய் என்று எண்ணிவிடுவார்கள்.) காய்ச்சலில் வாடிக் கிடந்தவன் எழுந்து கஞ்சி குடித்தால் முகம் செந்தளிக்கிறது. அருவிவெட்டு முடிந்த களத்திலே இளைஞர் கூடிப் பம்பலடிக்கிறார்கள். ஊரிலே ஒரு பெரியவர் வாயைத் திறந்தாலே முசுப்பாத்தி. அவர் இருந்த வீடு கலகலப்பு. அவர் போனபின் அதே வீடு வெறிச்சென்று கிடக்கிறது. செந்தளிப்பு ஒருவனுக்குத் தனியே வரலாம். பம்பலைத் தனியே அடிக்க முடியுமா? கலகலப்புக்குக் குறைந்தது இரண்டு பேராவது வேண்டுமல்லவா?

நம் முன்னோர் இதிலே நுணுக்கமானவர்கள். தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளில் நகை முதலாவது, உவகை கடைசி. சிரிப்பும் மகிழ்ச்சியும் ஒன்றல்ல என்று அன்றே கண்டுகொண்டார்கள். சிரிப்புப் பிறக்கும் இடங்கள் நான்கினுள் எள்ளலை முதலில் வைத்தது இன்னும் கூர்மை. பிறரை இகழ்ந்து சிரிப்பதுதான் மனிதனுக்கு எளிதாக வரும் சிரிப்பு. நம் ஊர்களில் கால் இழந்தவர், கண் இழந்தவர், உடம்பில் எறிகணைத் துண்டுகளோடு நடமாடுபவர் எத்தனை பேர்! அவர்களில் ஒருவருக்குப் பட்டம் வைத்துச் சந்தியில் நின்று சிரிப்பவன், தான் பகிடி விட்டதாகச் சொல்லிக்கொள்கிறான். அதற்குப் பகிடி என்று பெயரில்லை.

உரோமையிலே புனித பிலிப்பு நேரி (1515 – 1595) வேறு விதமாகச் சிரிக்க வைத்தார். மக்கள் தம்மைப் புனிதர் என்று புகழத் தொடங்கியபோது, தாடியின் ஒரு பாதியை மட்டும் மழித்துக்கொண்டு வெளியே வந்தாராம். அவருடைய பகிடிக்கு இலக்கு அவரேதான். அவர் தொடக்கிய ஒறற்றோரியன் சபையின் ஆவியிலே கோவையில் எழுந்த குழுவிலிருந்துதான், 1687இல் பிச்சைக்காரக் கோலத்தில் யோசப் வாஸ் அடிகளார் நம் கரையில் இறங்கினார். ஒல்லாந்தரின் தடைக்குள்ளே இரவிரவாகத் திருப்பலி நிறைவேற்றிய அந்த மனிதரின் குலமுதல்வர், உரோமாபுரி வீதிகளில் கலகலப்புக்குப் பேர்போனவர் என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே அடிகளாரைப் புனிதராக உயர்த்தினார். அன்று பிற்பகலே மடுத்தாயின் முன்னிலையில் வந்து நின்றார்.

மடு என்றதும் பேனா சற்று நிற்கிறது. 2008இல் அன்னையின் திருச்சுரூபமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. அதற்கு முன் 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு, முல்லைத்தீவுக் கரையைக் கடல் கொண்டது. பிறகு 2009 மே. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் அமர்ந்தார்கள். படத்துக்கு மாலை போடுவதா, வாசலைப் பார்த்திருப்பதா என்று தெரியாத தாய்மாரிடம் போய், "மகிழ்ச்சியாய் இருங்கள்" என்று சொல்லலாமா?

சொல்லலாகாது. அப்படிச் சொல்லும் உபதேசம் கல்நெஞ்சுடையது. பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்திலே புனித சின்னப்பர் மகிழ்ச்சியைத் திரும்பத் திரும்பப் பேசுகிறார். ஆனால் அவர் விலங்கோடு இருந்து எழுதினார். வெளியே நின்று கைதிக்குப் புத்தி சொல்லவில்லை. அவர் பேசியது உவகையை, நகையை அல்ல. நம் ஆண்டவரும் இலாசரின் கல்லறையில் கண்ணீர் விட்டார். அவரையே, விருந்துகளில் அமர்ந்து உண்டு குடிக்கிறார் என்று ஊர் குறை சொன்னது. இரண்டும் ஒரே முகம்.

ஆனால் அந்த வீடுகளில் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2009க்குப் பின் பிறந்தவர்கள். பதுங்குகுழியைக் கதையாகவே அறிந்தவர்கள். அவர்கள் சிரிக்கும்போது, "என்ன இளிப்பு?" என்று நாம் அதட்டுகிறோம். இறந்தவர்களுக்குத் துரோகம் செய்வதுபோல் நமக்குப் படுகிறது. அது விளங்கக்கூடிய வேதனைதான். என்றாலும் பேரனின் சிரிப்பு மாமனை மறந்த சிரிப்பல்ல. அந்த மாமனும் இதே வளவில் இதே வயதில் இப்படித்தான் சிரித்திருப்பான்.

ஆபிரகாமின் கூடாரத்தை எண்ணிப் பாருங்கள். முதுமையில் மகன் பிறப்பான் என்று விருந்தினர் சொன்னதைக் கேட்டு, சாராள் உள்ளே நின்று தனக்குள் சிரித்தாள். நம் வழக்கில் சொன்னால், கொடுப்புக்குள் சிரித்தாள். நம்பிக்கை அற்றுப்போனவளின் சிரிப்பு அது. "ஏன் சிரித்தாய்?" என்று கேட்டபோது, பயந்து இல்லை என்று மறுத்தாள். ஆண்டவர் அவளைத் தண்டிக்கவில்லை. பிறந்த பிள்ளைக்கு ஈசாக்கு என்று பெயரிட்டார்கள். எபிரேய மொழியில் அப்பெயரின் பொருளே சிரிப்பு. அவளுடைய கசந்த சிரிப்பைக் கொண்டே ஆண்டவர் பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

மாலைச் செபமாலை நேரத்திலும் இது நடக்கிறதே! மூன்றாம் காரணிக்கத்தில் மூத்தவன் ஏதோ முணுமுணுக்க, சின்னவள் கொடுப்புக்குள் சிரிக்கிறாள். அடக்க அடக்கத் தோள் குலுங்குகிறது. அம்மம்மா கண்ணை உருட்டுகிறார். உருட்டட்டும், செபத்துக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஆனால் மன்றாட்டு முடிந்து விளக்கைத் தணித்தபின், அவளைக் கிட்ட அழைத்து, "என்ன பகிடி பிள்ளை, எனக்கும் சொல்லன்" என்று கேட்டுப் பாருங்கள்.