கடைசி நாளில் எழுதியது போதும்!

ரிலீஸுக்கு நாலு நாள் இருக்கும். அப்போதுதான் உன்னைக் கூப்பிடுவார்கள். "மேனுவல் ரெடியா?"

நீயும் ஓடுவாய். டெவலப்பரைத் தேடி, டெஸ்டரைத் தேடி, பழைய கையேட்டில் படத்தை மாற்றி, பதிப்பு எண்ணை மாற்றி அனுப்பிவிட்டுப் பெருமூச்சு விடுவாய்.

கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் மிச்சம் மீதிக்குக் காத்திருப்பவரைப் போல இன்னும் எத்தனை வருஷம்?

கேட்டால் பதில் தயார். "யாரும் எனக்கு எதுவும் சொல்வதில்லை சார்."

சொல்ல வேண்டியதெல்லாம் எழுதியே இருக்கிறது! உன் நிறுவனம் தேவைகளைப் பதிந்து வைக்கும் ரெக்வயர்மென்ட் டூலில் இருக்கிறது. டோர்ஸோ, ஜாமாவோ, போலாரியனோ, ஏதோ ஒன்று.

நீ கையேடு எழுதும் கருவி என்ன செய்ய வேண்டும், எத்தனை விநாடியில் செய்ய வேண்டும், எப்போது எச்சரிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றும் எண்ணோடு உட்கார்ந்திருக்கிறது.

அந்த டூலுக்கு உன்னிடம் லாகின் இருக்கிறதா?

இல்லை. ஏன் இல்லை? நீ கேட்கவில்லை!

"அது இன்ஜினியர்களுக்கானது." யார் சொன்னது? "எனக்குப் புரியாது." திறந்து பார்த்தாயா?

டோர்ஸின் திரை மிரட்டும், மறுக்கவில்லை. தொண்ணூறுகளில் வந்த மென்பொருள். முகத்தில் அந்தக் காலம் இன்னும் தெரிகிறது.

உள்ளே இருக்கும் சங்கதி எளிது. ஒரு வாக்கியம், அதற்கு ஓர் எண். வாக்கியத்தையே அழித்தாலும் அந்த எண் வேறொன்றுக்குப் போகாது. இதற்கா பயந்தாய்?

"நான் வெறும் டாக்குமென்ட் எழுதுகிற ஆள்" என்கிறாயா? வெறும்?

1986 மார்ச். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், டைலர் நகரம். ஒரு புற்றுநோய் மையத்தில் தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரம் சிகிச்சை நடுவே நின்றது. திரையில் 'மால்ஃபங்ஷன் 54'.

ஆபரேட்டருக்கு என்ன விளங்கும்? அவருக்குக் கொடுத்த கையேட்டில் அந்த எண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை! இயந்திரத்தின் பக்கவாட்டில் இருந்த தாளில் 'டோஸ் இன்புட் 2' என்று மட்டும் இருந்தது.

கதிர்வீச்சின் அளவு மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ போயிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். தயாரித்த நிறுவனத்தின் டெக்னீஷியன் பிற்பாடு சாட்சியம் சொன்னபோது அது வெளியே வந்தது.

ஆபரேட்டர் தொடரும் பொத்தானை அழுத்தினார். நோயாளியின் உடம்பில் கதிர்வீச்சு மறுபடியும் பாய்ந்தது. மூன்றே வாரத்தில் அதே இயந்திரம், அதே 54, வேறொரு நோயாளி. இருவரும் அந்த ஆண்டே இறந்தார்கள்.

மூலக் கோளாறு மென்பொருளில்தான். பழி முழுவதையும் கையேட்டின் தலையில் போடுவது நியாயமில்லை. ஆனால் 54-க்கு எதிரே "தொடராதீர்கள், நோயாளியைப் போய்ப் பாருங்கள்" என்று ஒரு வரி இருந்திருந்தால்?

அந்த வரியை எழுத வேண்டிய நாற்காலியில்தான் நீ இருக்கிறாய்!

மருத்துவக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 14971 தரநிலை ஆபத்தைக் குறைக்க மூன்று வழிகளை வரிசையாகச் சொல்கிறது. வடிவமைப்பிலேயே பாதுகாப்பு, பிறகு தடுப்பு ஏற்பாடுகள், மூன்றாவது பயனருக்குத் தரும் பாதுகாப்புத் தகவல். மூன்றாவது உன் வேலை. இன்னும் 'வெறும்' என்பாயா?

லாகினை வாங்கு! படிக்க மட்டும் அனுமதி என்றாலும் வாங்கு.

ஒவ்வொரு தேவைக்கும் பக்கத்தில் ஓர் ஆட்ரிப்யூட் சேர்க்கச் சொல். 'பயனர் இதை அறிய வேண்டுமா? ஆம், இல்லை.' ஆம் என்றவற்றை மட்டும் வடிகட்டு. யாரையும் துரத்தாமலே உன் கையேட்டின் பொருளடக்கம் பாதி கிடைத்துவிட்டது!

அதை அப்படியே வேர்டு கோப்பாக இறக்கி, கையேடு என்று நீட்டாதே. அது சோம்பேறித்தனம்!

"குழாய் அடைபட்டால் பம்ப் எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும்." மருந்து ஏற்றும் பம்ப் ஒன்றின் தேவை வரி இது, இன்ஜினியருக்கு எழுதியது. இரவு 2 மணிக்கு வார்டில் தனியாக நிற்கும் நர்சுக்கு இதனால் என்ன பயன்?

அவருக்கு வேண்டியது அடுத்து என்ன செய்வது என்பது. அடைப்பைச் சட்டென விடுவித்தால் குழாயில் தேங்கிய மருந்து மொத்தமாக நோயாளிக்குள் போய்விடும். முதலில் நோயாளி பக்கத்துக் கிளாம்பை மூட வேண்டும்.

இது அந்தத் தேவை வரியிலேயே இருக்குமா? பெரும்பாலும் இராது. ஆபத்துப் பட்டியலில், வேறொரு மாட்யூலில் இருக்கும். லிங்க்கைப் பிடித்துக்கொண்டு போ. அங்கும் இல்லையா? எழுந்து போய்க் கேள்!

பயனருக்கான எழுத்தைத் தனி மாட்யூலில் வை. அவர் வேலை செய்யும் வரிசையில் வை. இன்ஜினியர் எண் போட்ட வரிசையில் அல்ல. உன் ஒவ்வொரு பத்தியையும் அதற்குரிய தேவையோடு லிங்க் செய்.

நாளைக்கு யாரோ ஒருவர் எச்சரிக்கை நேரத்தை 30 விநாடியிலிருந்து 20 ஆக்குகிறார். உனக்குச் சொல்ல மறந்துவிடுகிறார். மறக்கட்டும்! அந்த லிங்க் 'சஸ்பெக்ட்' என்று குறி காட்டும். எந்தப் பத்தியைத் திருத்த வேண்டும் என்று கைகாட்டிவிடும்.

ரிலீஸுக்கு ஒரு பேஸ்லைன், அதாவது மாற்ற முடியாத பதிவு, போட்டு வை. எந்தப் பதிப்பில் என்ன எழுதினாய் என்று ஆடிட்டர் கேட்டால் திணற வேண்டாம்.

உன் மாட்யூலைக் கையேடாக ஏற்றுமதி செய்தால் முதல் தடவை அலங்கோலமாகத்தான் வரும். அட்டவணை உடையும், படம் காணாமல் போகும். போகட்டும்! டெம்ப்ளேட்டைத் திருத்து, மறுபடி ஓட்டு. மறுபடியும் உடைந்தால் மறுபடியும் திருத்து. உடைந்ததற்கு அழுதுகொண்டு பழைய காப்பி-பேஸ்டுக்கா திரும்புவாய்?

"அந்தத் தேவைகளே பழசாகவும் தப்பாகவும் இருக்கின்றனவே!" இருக்கட்டுமே! அதைக் கண்டுபிடிக்க உன்னை விட்டால் யார்? புரியாததை விளக்க முடியாது. விளக்கப் போகிறவருக்குத்தான் ஓட்டை முதலில் தெரியும். மாற்றக் கோரிக்கை போடு. உன் பெயரில் போடு!

முறைப்பார்கள். "இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்பார்கள். கூச்சப்பட்டுப் பின்வாங்காதே. கையேட்டில் தவறு வந்தால் உன்னைத்தானே கேட்பார்கள்? அப்படியானால் உள்ளே வர உனக்கும் உரிமை உண்டு!

நாளைக் காலை நீ அனுப்பும் முதல் மெயில் இதுவாக இருக்கட்டும்: "எனக்கு ரெக்வயர்மென்ட் டூலில் லாகின் வேண்டும்." பதில் வரவில்லையா? மறுநாளும் அனுப்பு!