கொழுப்புச் சோப்பும் தொழுகையும்

கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஹனஃபி வீட்டில் பிறந்து ஷாஃபிஈ வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள். சபரிலிருந்து வந்த கணவர் ஒரு டஜன் சோப்பும், முகத்துக்குப் பூசும் ஸ்னோவும் கொண்டு வந்தாராம். கல்லூரியில் படிக்கும் கொழுந்தன் சோப்பின் உறையைப் படித்துவிட்டு, "இதில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறது" என்று சொல்ல, மாமியார் அத்தனையையும் கொல்லைப்புறத்தில் கொண்டு போய் வைத்துவிட்டார்களாம். "மூன்று வருடமாக இதே சோப்பில்தான் குளித்துத் தொழுதேன். அத்தனை தொழுகையையும் களாச் செய்ய வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். எழுத்தில் கண்ணீர் தெரிகிறது. ஆகவே இதைத் தாமதிக்காமல் எழுதுகிறோம்.

முதலில் பொருளைத் தெரிந்து கொள்வோம். எண்ணெயோ கொழுப்போ காரத்துடன் சேர்ந்து மாறுவதுதான் சோப்பு. எல்லாக் கொழுப்பிலும் கொழுப்பு அமிலங்கள் உண்டு. சோப்பைக் கட்டியாக்குவதும், ஸ்னோவுக்கு அந்த வெண்முத்துப் பளபளப்பைத் தருவதும் ஸ்டியரிக் அமிலம் என்ற ஒன்று. இது மாட்டுக் கொழுப்பில் நூற்றுக்கு இருபது பங்கு அளவில் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் மூன்று பங்கு அளவுதான். பாமாயில் போன்ற தாவர எண்ணெய்களிலிருந்தும் இதைச் செய்கிறார்கள். ஆகவே உறையில் 'ஸ்டியரிக் அமிலம்' என்று மட்டும் இருந்தால் அது மாட்டிலிருந்து வந்ததா, மரத்திலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. 'சோடியம் டாலோவேட்' என்றிருந்தால் அது பிராணிக் கொழுப்பு. 'சோடியம் பாமேட்' என்றால் பாமாயில், 'கோகோவேட்' என்றால் தேங்காய் எண்ணெய். கொழுந்தன் படித்தது டாலோவேட் என்றுதான் கடிதத்தில் இருக்கிறது. பிள்ளை சரியாகத்தான் படித்திருக்கிறார்.

நம் நாட்டில் சோப்புக்கென்று இறக்குமதியான மாட்டுக் கொழுப்பை வனஸ்பதியில் கலந்துவிட்டார்கள் என்று 1983-ல் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அதன்பின் அந்த இறக்குமதி தடுக்கப்பட்டது. பாமாயில் சோப்பே இங்கு மிகுதி. வெளிநாட்டுச் சோப்பில்தான் கவனம் அதிகம் தேவைப்படுகிறது.

இனி மார்க்கத்துக்கு வருவோம். ஹிஜ்ரி 8-ல் மக்கா வெற்றியின்போது, செத்த பிராணியை விற்பது ஹராம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். கப்பலுக்குப் பூசவும், தோலுக்குத் தடவவும், விளக்கெரிக்கவும் அதன் கொழுப்பு பயன்படுகிறதே என்று தோழர்கள் கேட்டார்கள். கூடாது, அது ஹராம் என்று பெருமானார் பதில் சொன்னார்கள். ஜாபிர் (ரலி) அவர்களின் இந்த ஹதீது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. 'கூடாது' என்றது விற்பனையையா, உபயோகத்தையா? விற்பனையைத்தான் என்று ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாமாகிய நவவீ அவர்கள் விளக்குகிறார்கள். கப்பலுக்குப் பூசலாம், விளக்கெரிக்கலாம், ஆனால் உண்ணவும் உடம்பில் பூசவும் கூடாது என்கிறார்கள். கடலோர மக்களாகிய நமக்கு இந்தக் கப்பல் உதாரணம் நன்றாகவே விளங்கும்.

ஹனஃபி மத்ஹபில் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் சொல்லின்மீது ஃபத்வா கொடுக்கப்பட்டிருக்கிறது. உப்பளத்தில் விழுந்த கழுதை உப்பாகவே மாறிவிட்டால் அந்த உப்பு சுத்தம். நஜீஸான எண்ணெயில் செய்த சோப்பும் அப்படியே சுத்தம் என்று துர்ருல் முக்தாரில் வருகிறது. பொருளின் தன்மையே மாறிவிட்டது என்பது காரணம். ஷாஃபிஈ இமாம்களோ மது தானாகக் காடியாவது, செத்ததன் தோல் பதனிடப்படுவது போன்ற சிலவற்றைத் தவிர, நஜீஸ் வேறு உருவெடுப்பதால் சுத்தமாகாது என்கிறார்கள். ஆக, முறைப்படி அறுக்கப்படாத மாட்டின் கொழுப்பில் செய்த சோப்பு மருமகளின் மத்ஹபில் சுத்தம். மாமியாரின் மத்ஹபில் நஜீஸ். இருவரும் தங்கள் இமாமைப் பின்பற்றியே பேசுகிறார்கள். இதற்காக ஒரு வீட்டில் முகம் திருப்பிக் கொள்வது சரியல்ல.

தொழுகை விஷயம் என்ன? ஹனஃபியான சகோதரிக்குக் களா என்ற பேச்சே இல்லை. ஷாஃபிஈயாக இருந்தாலும், நுரையெல்லாம் போகும்படி சுத்தமான தண்ணீரை மேனி முழுதும் ஊற்றிக் குளித்திருந்தால் நஜீஸ் நீங்கிவிட்டது, தொழுகை கூடியது. தெரிந்த பின்பு வேறு சோப்பு கிடைக்கும்போது அதையே தேய்ப்பதுதான் ஷாஃபிஈகளுக்குக் கூடாது. பன்றிக் கொழுப்பு என்று உறுதியாகத் தெரிந்தால் எந்த மத்ஹபினரும் கிட்டே போக வேண்டாம் என்பதே நம் ஆலோசனை. ஷாஃபிஈகளுக்கு ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவும் பாடும் வந்து சேரும்.

சோப்பைப் பற்றிக் கவலைப்பட்ட சகோதரி ஸ்னோவைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறார்கள். நாமோ அதைத்தான் பெரிதாக நினைக்கிறோம். சோப்பு கழுவிப் போய்விடும். ஸ்னோ முகத்தோடு ஒட்டிக்கொண்டே ஸுஜூதுக்கு வரும். உதட்டுச் சாயமோ வாய்க்குள்ளேயே போகும். மேலும், சோப்பில் கொழுப்பு காரத்தோடு சேர்ந்து மாறுகிறது. ஸ்டியரிக் அமிலமோ கொழுப்பிலேயே இருந்ததைப் பிரித்தெடுப்பது. இதை முழு மாற்றமென்று சொல்லலாமா என்பதில் இக்கால உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. பிராணியிலிருந்து வந்தது என்று தெரிந்தால் ஹனஃபிகளும் பேணிக் கொள்வதே நல்லது என்று நமக்குப் படுகிறது.

அந்த ஸ்னோ எதிலிருந்து வந்தது என்று டப்பாவில் இல்லையாம். அப்படியானால் சந்தேகத்தின் பேரில் கழிந்த தொழுகையைத் திருப்ப வேண்டியதில்லை. பொருள்களின் அசல் நிலை சுத்தம். ஒரு நீர்த்தடாகத்தின் அருகே, இங்கே காட்டு மிருகங்கள் வருமா என்று அம்ர் (ரலி) அவர்கள் கேட்டபோது, அதை எங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று உமர் (ரலி) அவர்கள் தடாகக்காரரைத் தடுத்த செய்தி முவத்தாவில் உண்டு. தோண்டித் துருவி வஸ்வாஸில் விழுந்தால் நாளை தலையணை உறையிலும் சந்தேகம் வரும். நாமும் மதரஸாவில் ஏழு வருடம் எந்தக் கம்பெனிச் சோப்பென்று பாராமலே துவைத்தவர்கள்தாம். இனி வாங்கும்போது தாவர எண்ணெய் என்று எழுதியிருப்பதையோ ஹலால் முத்திரை உள்ளதையோ பார்த்து வாங்கிக் கொள்ளட்டும். மச்சானுக்கும் ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.

கொல்லைப்புறத்தில் கிடக்கும் சோப்பு? ஷாஃபிஈ மத்ஹபில் அதை விற்கக் கூடாது. சகோதரி தன் தாய் வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம், அவர்கள் ஹனஃபிகள். வல்லாஹு அஃலம்.