திறந்த வானம் யாருக்கு?

உள்ளம் கனக்கும்போது மனிதன் வெளியைத் தேடுகிறான். கடற்கரை மணலிலோ வயல் வரப்பிலோ சிறிது நேரம் அமர்ந்து எழுந்தால் கவலை தீர்ந்துவிடுவதில்லை. எனினும் அதைச் சுமக்கும் வலிமை வந்துவிடுகிறது. நாம் யாவரும் அறிந்த உண்மை இது. ஆனால், இந்த ஆறுதல் ஓய்வுள்ளோர் நுகரும் ஓர் இன்பம் மட்டுந்தானா? அன்றி, உணவும் உறக்கமும் போல் மனிதனுக்கு இன்றியமையாத தேவையா? தேவையென்றால், அதை ஒருவருக்கு இல்லாமற் செய்வது அநீதி ஆகாதா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தார். 23 பேரின் சன்னல் வழியே மரங்கள் தெரிந்தன; ஏனைய 23 பேருக்குத் தெரிந்தது செங்கற்சுவர். மரங்களைக் கண்டவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 1984-இல் வெளிவந்த இவ்வாய்வு சிறியதே. ஆயினும், படுக்கையை விட்டு எழ இயலாதவருக்கும் ஒரு மரத்தின் காட்சி துணை நிற்கக்கூடும் என்பதை அது உணர்த்திற்று.

இதற்குக் காரணம் என்ன? துயருற்ற மனம் தன்னையே சுற்றிச் சுற்றி வருகிறது. விரிந்த வானமோ அதனைத் தன்னிலிருந்து வெளியே அழைக்கிறது. திருமறை நம் பார்வையை ஒட்டகத்தின் பக்கமும், உயர்ந்த வானத்தின் பக்கமும், மலைகளின் பக்கமும், விரிந்த பூமியின் பக்கமும் திருப்புகிறது. இறைவசனத்தைக் குறிக்கும் 'ஆயத்' என்ற சொல்லே, படைப்பில் காணும் அத்தாட்சியையும் குறிக்கிறது. ஓதுவதற்கு ஒரு மறை. காண்பதற்கு ஒரு மறை. இரண்டிலும் மனிதன் தன் சிறுமையை உணர்கிறான்; அந்த உணர்விலேயே அமைதி பெறுகிறான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தனித்திருந்த ஹிராக் குகை சோலையன்று. வறண்ட பாறை மலை. அங்கே அவர்கள் பல இரவுகள் தங்கி வணங்குவார்கள். பின்னர் அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி வந்து, மீண்டும் உணவு எடுத்துச் செல்வார்கள். அத்தனிமை உலகைத் துறந்தோடும் தனிமையாக இருக்கவில்லை. மலையிலிருந்து இறங்கிய பின் மக்களிடையேதான் அவர்கள் வாழ்ந்தார்கள். மற்றொன்றையும் நாம் இங்கு சிந்திக்க வேண்டும்: ஒருவரின் தனிமைக்குப் பின்னால் மற்றொருவரின் துணை இருந்தது.

நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். சுப்ஹுத் தொழுகைக்குப் பின் நாம் கடற்காற்று வாங்கச் செல்கிறோம். அந்நேரம் அடுப்படியில் புகையோடு நிற்பவர் யார்? கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், அதன் ஓசையை மட்டுமே கேட்டு வாழ்ந்து முடித்த மூதாட்டியர் நம் ஊர்களில் இல்லையா?

நாணமும் மறைவும் கருதியே இவ்வாறு செய்கிறோம் எனச் சிலர் கூறலாம். நாணம் ஈமானின் ஒரு கிளை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், பயணத்தின்போது திறந்த வெளியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்களே அல்லவா? நாணத்தைக் காப்பது வேறு. காற்றையும் ஒளியையும் மறுப்பது வேறு. முன்னது மார்க்கம், பின்னது நம் வசதி.

தீராத மனச்சோர்வுக்கு மருத்துவரையே நாட வேண்டும். மரநிழல் மருந்துக்கு மாற்றாகாது. எனினும் நம்மால் இயன்றவை பல உண்டு. வாரத்தில் ஒரு மாலையேனும் குடும்பத்தோடு வெளியே செல்லலாம். முதியவரின் கட்டிலை வானம் தெரியும் சன்னலருகே நகர்த்தலாம். வீட்டு முற்றத்திலும் பள்ளிவாசல் வளாகத்திலும் மரம் வளர்க்கலாம். நட்ட மரத்திலிருந்து பறவையும் மனிதனும் உண்பது தர்மம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அதன் நிழலில் ஒரு வாடிய உள்ளம் இளைப்பாறுவதும் தர்மமே என நாம் நம்பலாம்.

வானத்தை அல்லாஹ் எல்லோருக்குமாகவே விரித்தான். கூரையையும் சுவரையும் எழுப்பியவர்கள் நாம். நம் வீட்டில் அந்த வானத்தைக் காணாதவர் யார் என்று இன்றே கேட்டறிவது நம் கடமை.