மலிவில் கிட்டிய அரும்பொருள்

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே உரியது என்பது உலக வழக்கு. இவ்வழக்கு எல்லா இடத்தும் அறத்தோடு பொருந்துமா? இதனை ஆராய, அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் நமக்குத் துணை செய்கின்றன.

அந்நாட்டில் மக்கள் தமக்கு வேண்டாத பொருள்களை வீட்டு முற்றத்தில் பரப்பி விற்பதும், தொண்டு நிறுவனங்களுக்குக் கொடையாக அளிப்பதும் வழக்கம். அந்நிறுவனங்கள் கொடையாக வந்தவற்றைத் தம் கடைகளில் மலிவாக விற்று, அவ்வருவாயை நற்பணிகளுக்குச் செலவிடுகின்றன. பழம்பொருள் வணிகர் பலர் இத்தகைய விற்பனைகளைத் தேடிச் செல்வர்.

2007ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்துக் குடும்பம் ஒன்று, முற்றத்து விற்பனையில் ஒரு சிறு வெண்ணிறக் கிண்ணத்தை ஏறத்தாழ 3 டாலருக்கு வாங்கியது. சில ஆண்டுகள் அது வீட்டில் அலங்காரப் பொருளாக இருந்தது. பின்னர் வல்லுநரிடம் காட்டியபோது, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனத்தில் வட சோங் மரபினர் காலத்தில் செய்யப்பட்ட டிங் வகைக் கிண்ணம் எனத் தெரிந்தது. 2013ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சோத்பீஸ் ஏலத்தில் அது 22 இலட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று.

இங்கு விற்றவரும் அறியார், வாங்கியவரும் அறியார். வஞ்சனை எவரிடத்தும் இல்லை. ஆகவே குற்றமும் இல்லை. ஆனால் வாங்குபவர் அறிந்தும் விற்பவர் அறியாமலும் இருப்பின் என் செய்வது?

ரோமானிய அறிஞர் சிசரோ, கடமைகளைப் பற்றிய தம் நூலில் ஸ்கேவோலா என்பவரைக் குறிப்பிடுகிறார். நிலம் வாங்கச் சென்ற அவர், விற்பவர் சொன்ன விலையைக் கேட்டு, தாம் அதனை மேலும் உயர்வாக மதிப்பதாகக் கூறி ஓர் இலட்சம் செஸ்டர்ஸ் காசுகளைக் கூட்டிக் கொடுத்தாராம். அது நல்லவர் செயல் என்பதை எவரும் மறுக்கவில்லை. அறிவுடையவர் செயலன்று என்றே பலர் கூறினர். நன்மை வேறு, அறிவு வேறு எனப் பிரிப்பதே பெருங்கேடு என்கிறார் சிசரோ.

பழம்பொருள் வணிகர் பல்லாண்டு முயன்று பெற்ற கல்விக்கு ஊதியம் வேண்டாவா எனச் சிலர் கேட்கலாம். வேண்டும். அக்கல்வி இல்லையேல் அரும்பொருள்கள் குப்பையிற் சேரும். கடைக்காரர் குறித்த விலைக்கு வாங்குதல் குற்றமன்று. ஆனால், நல்ல பொருளைக் குறைகூறி விலையைத் தாழ்த்துவதும், கேட்டபோது உண்மையை மறைப்பதும் பொய்யின்பாற்படும். வறுமையால் தம் வீட்டுப் பொருளை விற்பவரிடத்தில் நாம் காக்கும் மௌனமும் வஞ்சனையே ஆகும்.

மற்றொரு நிகழ்ச்சி 2018ஆம் ஆண்டில் டெக்சாசு மாநிலத்து ஆஸ்டின் நகரில் நடந்தது. பழம்பொருள் வணிகம் செய்யும் பெண்மணி ஒருவர், குட்வில் என்னும் தொண்டு நிறுவனத்தின் கடையில் பளிங்குத் தலைச்சிலை ஒன்றை 34.99 டாலருக்கு வாங்கினார். அது ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் பழமையான ரோமானியச் சிலை. செருமனியின் ஆஷாஃபன்பர்க் நகரில் பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் கட்டிய பாம்பேயானம் மாளிகையில் அது இருந்ததற்கு, 1930களில் எடுத்த நிழற்படங்கள் சான்றாயின. இரண்டாம் உலகப் போரில் அம்மாளிகை சேதமுற்றது. அமெரிக்கப் படைவீரர் ஒருவர் சிலையைக் கொண்டுவந்திருக்கலாம் எனக் கருதுகின்றனர்.

அப்பெண்மணி கடையை ஏமாற்றவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தார். ஆயினும் கடைக்கே உரிமையில்லாத பொருளில் அவருக்கு உரிமை ஏது? சிலை பவேரிய அரசுக்குத் திரும்ப அவர் உடன்பட்டார். 2022 மே முதல் ஓராண்டு சான் அன்டோனியோ கலை அருங்காட்சியகத்தில் அது மக்கள் காட்சிக்கு வைக்கப்பட்டு, 2023இல் செருமனிக்குச் சென்றது.

கள்ளாமை அணுவிரதத்தை விளக்கும் ஆசாரியர் சமந்தபத்திரர், பிறர் மறந்துவிட்ட பொருளையும் கொள்ளலாகாது என்று இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வரையறுக்கிறார். களவுப்பொருளை வாங்குதலும் அவ்விரதத்திற்கு அதிசாரமே. அறியாது வாங்கியவர் கள்வர் ஆகார். ஆனால் உண்மை தெரிந்த நாளிலிருந்து, அப்பொருளைத் தம்மிடமே இருத்திக்கொள்வதற்கு அவரே பொறுப்பாளி.

ஆகவே மலிவில் ஒரு பொருள் கிட்டும்போது, எவ்வளவு ஆதாயம் என்று கணக்கிடுவதற்கு முன் இரண்டைக் கேட்போம்: விற்பவரின் அறியாமையை நாம் சுரண்டுகிறோமா? இப்பொருளை இழந்து வருந்துவோர் எங்கேனும் உளரா? இவ்விரண்டிற்கும் தெளிந்த விடை கூற இயன்றால், அவ்வாதாயம் நம் இல்லத்தில் அறவழிப் பொருளாக நிலைக்கும்.