அரை கிராம் ஈயத்துக்கு நீ என்ன செய்தாய்?

துப்பாக்கி சரியில்லை என்கிறாய்.

காற்றில் ஈரம் என்கிறாய். வெளிச்சம் போதவில்லை என்கிறாய். "நாகர்கோவிலில் என்ன வசதி இருக்கு? சென்னையில் பிறந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்" என்கிறாய்.

போதும் மக்கா. நிறுத்து!

நேற்று நீ சுட்ட பெல்லட்டை, அந்த அரை கிராம் ஈயக் குண்டை, சுடுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது பார்த்தாயா?

டப்பாவைத் திறந்தாய். விரலுக்கு அகப்பட்டதை எடுத்தாய். குழலில் திணித்தாய். சுட்டாய். எட்டு விழுந்ததும் துப்பாக்கியைத் திட்டினாய்!

பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்கான வெள்ளைப் பொட்டு எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர். 10.9 வரை தசமத்தில் கணக்கு. கால் மில்லிமீட்டர் விலகினால் 0.1 புள்ளி போய்விடும்.

மொத்தம் 60 தோட்டா. ஒவ்வொன்றிலும் 0.1 விட்டால் ஆறு புள்ளி. ஆறு புள்ளி போனவனுக்குப் பெரிய போட்டிகளில் இறுதிச் சுற்று ஏது?

இப்போது சொல், அந்த அரை கிராம் ஈயம் சின்ன விஷயமா?

ஒரு பெல்லட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடி. உடுக்கை மாதிரி இருக்கும். தலை, ஒடுங்கிய இடுப்பு, விரிந்த அடிப்பாகம். அந்த அடிப்பாகத்தின் விளிம்பு மெலிசு. பின்னாலிருந்து காற்று தள்ளும்போது அந்த விளிம்புதான் விரிந்து குழலின் புரிகளைப் பிடிக்கிறது. பிடித்துச் சுழன்று வெளியே போகிறது.

அந்த விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருந்தால்? காற்று ஒரு பக்கமாகக் கசியும். குழல் வாயை விட்டு வெளியேறும்போதே பெல்லட் ஆடும். உன் மூச்சும் சரி, விரலும் சரி, குறியும் சரி. விழுவது மட்டும் எட்டு!

ஆகவே முதலில் பொறுக்கு. வெள்ளைத் துணியில் பரப்பு. நசுங்கியது, கோணியது, பிசிறு ஒட்டியது எல்லாவற்றையும் ஒதுக்கு. கண் வலிக்கும். சலிப்பு வரும். வரட்டுமே! சலிப்பைத் தாங்காதவன் அறுபதாவது தோட்டாவை எப்படித் தாங்குவான்?

பிறகு ஒட்டிய தூசி போகக் கழுவு. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, பிளாஸ்டிக் சல்லடை. மெதுவாக அலசு. அரிசி களைகிற வேகம் வேண்டாம், ஈயம் மிருது. தண்ணீர் கறுக்கும். அது ஈயத் தூசியும் பழைய பூச்சும். தெளியும்வரை மாற்றிக்கொண்டே இரு.

இதெல்லாம் அடுக்களைப் பாத்திரத்தில் செய்யாதே! ஈயம் விஷம். அதற்கென்று தனிப் பாத்திரம் வை. கழுவிய தண்ணீரை வாய்க்காலிலும் கிணற்றடியிலும் கொட்டாதே. கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் சோற்றைத் தொடாதே. சுடும்போது பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொள்வதை ஸ்டைல் என்று நினைக்கிறாயா? மடத்தனம்.

இனி உலர்த்துவது. இங்கேதான் நம்ம ஊர்க்காரன் தோற்கிறான்.

ஆடிச் சாரலும் நமக்குத்தான், ஐப்பசி மழையும் நமக்குத்தான். போதாததற்கு மூன்று பக்கமும் கடல் காற்று. அரைகுறையாகக் காய்ந்த ஈயத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். பிறகு கழுவியும் பயனில்லை. ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பு. மின்விசிறிக்குக் கீழே வை. முழுசாகக் காயும்வரை பொறு.

பொறுமை உனக்கு இல்லை என்கிறாயா? பிறக்கும்போதே அதோடு பிறந்தவன் எவன்? பழகு!

கடைசியாக எண்ணெய். பெல்லட்டுக்கென்று விற்கிற எண்ணெய் அல்லது மெழுகுக் கலவை. ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் ஓரிரு சொட்டு. பெல்லட்டுகளைப் போட்டு மெதுவாக உருட்டு. விரலில் பிசுக்குத் தெரிந்தால் அதிகம். துடைத்தெடு.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்பாய். எனக்குத் தெரியும், நீ கேட்பாய்! வேண்டாம். ஏசி போட்ட சுடுதளத்தில் அது உறையும். நாளானால் காறிப்போய்க் குழலுக்குள் பிசினாக ஒட்டும். ஸ்பிரிங் துப்பாக்கியில் எண்ணெய் மிஞ்சினால் அழுத்தத்தில் தீப்பற்றி வேகம் தாறுமாறாகும். சிலிண்டர் காற்றில் ஓடும் துப்பாக்கியின் உள்ளே சாதாரண எண்ணெய் போவது ஆபத்து. விளையாடாதே.

இவ்வளவும் செய்தால் பத்து விழுமா?

தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். பெரிய வீரர்களில் பலர் பெல்லட்டை டப்பாவிலிருந்து அப்படியே எடுத்துச் சுடுகிறார்கள். போட்டித் துப்பாக்கியின் வேகம் குறைவு, அதனால் குழலில் ஈயம் ஒட்டுவதும் குறைவு. உன் குழலுக்கு எது ஒத்துவரும் என்பதை வேறு யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. தாள்தான் சொல்லும்!

ஒரே டப்பா. கழுவாதது பத்து, கழுவியது பத்து, எண்ணெய் தொட்டது பத்து. துப்பாக்கியைத் தாங்கியில் ஊன்றிச் சுடு. எண்ணெய் மாறினால் முதல் சில குண்டுகள் இடம் மாறி விழும், அவற்றைக் கணக்கில் சேர்க்காதே. எது நெருங்கி விழுகிறது? எழுதி வை. இன்னொரு நாள் மறுபடி சுடு.

உனக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும் என்று நினைத்தாய்? கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று கத்தினாலா? நீயே சோதித்து, நீயே எழுதி வைத்த தாளிலிருந்து வரும். போட்டி நாளில் கை நடுங்கும்போது "பெல்லட் சரியாக இருக்குமோ" என்ற ஒரு பயமாவது உன்னிடம் இருக்காது.

தோல்வியைக் கண்டு பயப்படுகிறாயா?

துப்பாக்கி சுடும் வீரர் ககன் நாரங் சென்னையில் பிறந்தவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 595 எடுத்தார். அதே 595 எடுத்தவர் இறுதிச் சுற்றுக்குப் போனார், இவர் வெளியே. சமநிலையைப் பிரிக்கும் கணக்கில் தவறிய வாய்ப்பு! வீட்டுக்குப் போய்ப் படுத்தாரா? 2012 லண்டனில் வெண்கலத்தோடு நின்றார்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், நாரங் தொடங்கிய பயிற்சி மையத்தில் வளர்ந்தவர். உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்துகொண்டு டோக்கியோ போனார். 626.5 புள்ளி. பதினாறாவது இடம். பாரிஸில் பத்தாவது இடம். இரண்டு ஒலிம்பிக், இரண்டிலும் இறுதிச் சுற்று இல்லை. 2025 ஆகஸ்டில் கஜகஸ்தானின் ஷிம்கென்ட்டில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம்!

நீ மாவட்டப் போட்டியில் ஒரு தடவை பிந்தியதற்கு உறையை மூடி வைத்துவிட்டாய்.

நம்ம மண்ணிலேயே பார். 1741இல் குளச்சலில் தோற்றுச் சரணடைந்தான் டச்சுப் படையின் டி லனாய். கைதியாகத் திருவிதாங்கூருக்கு வந்தவன் தன்னைத் தோற்கடித்த அதே படைக்குச் சுடக் கற்றுக்கொடுத்து, வலிய கப்பித்தானாக, அதாவது பெரிய தளபதியாக, உயர்ந்தான். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்தார்கள். அவன் கல்லறை இன்றும் அங்கேதான் இருக்கிறது, பஸ் பிடித்துப் போய்ப் பார்!

கைதி எழுந்தான். உனக்கு என்ன விலங்கு?

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கையில் ஏர்கன் இருக்கிறது என்று தேரூர்க் குளத்துப் பறவையைக் குறிவைக்கிறவன் வீரன் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றவாளி. அவனுக்காக நான் இதை எழுதவில்லை.

உனக்காக எழுதுகிறேன். பழைய துப்பாக்கியும் பாதி டப்பா பெல்லட்டும் வைத்திருக்கும் உனக்காக!

இன்றைக்கு ராத்திரி போனைத் தள்ளி வை. துணியை விரி. டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார். நசுங்கியதை ஒதுக்கு. மிச்சத்தில் பாதியைக் கழுவு. ஞாயிற்றுக்கிழமை சுட்டு, தாளை எடுத்துக்கொண்டு வா.

அதற்குப் பிறகு உன் துப்பாக்கியைக் குறை சொல். அதுவரை வாயைத் திறக்காதே!