குழந்தையின் இலையில் பெற்றோரின் விரதம்

ஆகார சுத்தியைப் பற்றிச் சாந்தோக்ய உபநிஷதம் பேசுகிறது. அங்குள்ள ‘ஆகாரம்’ என்ற சொல்லுக்கு, புலன்களின் வழியே மனம் திரட்டிக்கொள்வன அனைத்தும் என்று ஸ்ரீசங்கரர் பொருள் கண்டார். ஸ்ரீராமானுஜரோ உண்ணும் உணவையே கருதி, அதற்கு நேரும் மூவகைக் குற்றங்களைக் கூறினார்: பொருளின் இயல்பால் வருவது, அளிப்பவரால் வருவது, தூசு முதலியன கலப்பதால் வருவது. இச்சிந்தனையில் ஊறிய குடும்பங்களில் இன்று புதிய வினா ஒன்று எழுந்துள்ளது. புலாலை மட்டுமன்றிப் பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கிய பெற்றோர், தம் குழந்தையையும் அவ்வாறே வளர்க்கலாமா?

ஹைதராபாத்தின் வடபுறத்தில் மருந்து, இரசாயனத் தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கும் ஜீடிமெட்லா போன்ற இடங்களில், பிழைப்புக்காக ஊரையும் மூத்தோரையும் விட்டு வந்து வாழும் இளம் தம்பதியருக்கு இவ்வினா மேலும் கூர்மையானது. கன்று குடித்தது போக எஞ்சியதைக் கறப்பதே முறை என்று அவர்களுடைய பாட்டிமார் கருதினர். காலையில் வாசலுக்கு வரும் பால் பாக்கெட்டைப் பார்த்து, அதற்குரிய கன்று என்னவாயிற்று என்று யாரால் சொல்ல முடியும்? கறவைக்கு உதவாத ஆண் கன்றுகளின் கதியை எண்ணி ஒருவர் பாலைத் துறந்தால், அத்துறவை எள்ளி நகையாடுவதற்கில்லை. ஆனால் துறப்பவர் ஒருவர். அதன் விளைவை உடலில் ஏற்கும் குழந்தை வேறொருவர்.

இந்த இடத்தில்தான் மகாத்மா காந்தியின் வாழ்க்கை வெளிச்சம் தருகிறது. 1902-ல் பம்பாயில் அவருடைய இரண்டாம் மகன் மணிலால் சன்னிபாத ஜுரத்தில் கிடந்தான். வயது பத்து. முட்டையும் கோழி ரசமும் கொடுக்கலாம் என்றார் மருத்துவர். காந்திஜி அதற்கு இசையவில்லை. நீர்ச் சிகிச்சையை மேற்கொண்டார். இச்செய்தியைக் கூறுவோர் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றனர். நாடியையும் நெஞ்சையும் பார்க்கத் தமக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, அவ்வப்போது வந்து மகனைச் சோதிக்குமாறு அதே மருத்துவரை அவர் வேண்டிக்கொண்டார். மகனிடமும் கேட்டார், அவனும் அசைவம் வேண்டாம் என்றான். அது அவருக்கு மகிழ்ச்சியளித்தது. எனினும் தாம் கொடுத்திருந்தால் அவன் உண்டிருப்பான் என்பதையும் மறைக்காமல் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். ஜுரம் 104 டிகிரிக்கு ஏறிய இரவில் அவருடைய உள்ளம் பட்ட பாட்டை அந்நூலில் காணலாம். ஜுரம் தணிந்த பிறகு நாற்பது நாட்கள் மகனுக்கு அவர் கொடுத்தவை நீர் கலந்த பாலும் பழச்சாறும்.

அவர் தாமே பாலை விட்டது 1912-ல், டால்ஸ்டாய் பண்ணையில். 1918-ல் கடும் சீதபேதியால் உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. தம் விரதம் பசும்பாலையும் எருமைப்பாலையும் கருதியதே என்ற சமாதானத்துடன் பின்னர் ஆட்டுப்பாலை ஏற்றார். அந்தச் சமாதானம் அவர் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. தம்மைப் பார்த்துப் பாலை விட்டவர்கள், அது எல்லா வகையிலும் நன்மை தந்தாலன்றி, அல்லது அனுபவமிக்க மருத்துவர் சொன்னாலன்றி, அச்சோதனையைத் தொடர வேண்டாம் என்றும் எழுதினார். பாலுக்கு ஈடான தாவர உணவைப் பல காலம் தேடியும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அத்தேடலுக்கான விடையின் ஒரு பகுதி, அவர் மறைந்த 1948-ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டது. வைட்டமின் பி12 அவ்வாண்டில்தான் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. இரத்தம் ஊறுவதற்கும் நரம்பு வளர்வதற்கும் இன்றியமையாத இச்சத்து தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. இட்லி மாவு புளிப்பதாலோ, கீரையை மிகுதியாக உண்பதாலோ இக்குறை தீராது. பெரியவர்களின் கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான சேமிப்பு உண்டு. ஆகவே பாலை விட்ட தந்தை, ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று எண்ணுவது இயல்பு. கைக்குழந்தைக்கு அச்சேமிப்பு ஏது?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1962-ல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இதை நெஞ்சில் பதிய வைக்கிறது. தாய்ப்பால் மட்டுமே குடித்து வந்த சில குழந்தைகள் சோகை கண்டு, தோல் கறுத்து, சுற்றிலும் உள்ளவற்றில் நாட்டமிழந்தன. கற்றவற்றை மறந்தன, கைகால்கள் தாமாக அசைந்தன. தாய்மாரிடம் பி12 குறைந்திருந்ததால் அவர்களுடைய பாலிலும் அது இல்லை. அச்சத்தைக் கொடுத்ததும் குழந்தைகள் தேறின. வறுமையாலும் இந்நிலை வரும், விரதத்தாலும் வரும். குழந்தையின் உடல் இரண்டையும் பிரித்தறியாது.

தொழிற்சாலைப் புகையினிடையே வாழ்பவருக்கு மாத்திரையே சாத்விகத்துக்குப் புறம்பானதாகத் தோன்றலாம். ஆனால் மருந்தாகக் கிடைக்கும் பி12 நுண்ணுயிர்களைத் தொட்டிகளில் வளர்த்து எடுக்கப்படுவது. பசுவின் பாலில் உள்ளதும் அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்கியதே. அதை மறுத்துப் பாலையும் மறுப்பது குழந்தைக்கு இழைக்கும் ஹிம்சை என்றே சொல்ல வேண்டும்.

பால் இல்லாமல் வளர்க்கத் துணிந்த தாய், கருவுற்ற நாளிலிருந்தே மருத்துவர் சொன்ன அளவில் பி12 உட்கொள்ள வேண்டும். தாய்ப்பால் குழந்தைக்கென்றே சுரப்பது. அதில் எவ்விரதத்துக்கும் பங்கமில்லை. முதல் ஆறு மாதம் அது மட்டுமே போதும். பின்னர் மற்ற உணவுடன் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம். பாதாம் பாலும் தேங்காய்ப் பாலும் கைக்குழந்தைக்கு அதன் இடத்தை நிரப்பா. இணையுணவு தொடங்கியதும் கேழ்வரகு துணை நிற்கும்: நூறு கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. 1918-ல் குன்னூரில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958-ல் ஹைதராபாத்துக்கு வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இத்தகைய அளவுகளைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வெளியிட்டு வருகிறது. பருப்பு, எள், நிலக்கடலை, கீரை ஆகியவற்றை நன்கு அரைத்தும் மசித்தும் தர வேண்டும். சின்னஞ்சிறு வயிறு விரைவில் நிறைந்துவிடும்; எனவே எண்ணெயைக் குறைக்கலாகாது. எடையையும் உயரத்தையும் காலந்தோறும் பார்த்து, வளர்ச்சி தளர்ந்தால் விரதத்தைத் தளர்த்த அஞ்சக்கூடாது.

வடலூரில் 1867-ல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய இராமலிங்க அடிகள், ஜீவகாருண்யத்தின் முதற்செயலாகப் பசி நீக்குதலையே வைத்தார். வயிறு நிறைந்தும் உடலுக்குள் நீடிக்கும் பசியொன்று உண்டு என்பதை இன்றைய மருத்துவம் கூறுகிறது.

கோயிலில் நெய் மணக்கும் பொங்கலைக் கையில் வாங்கிய குழந்தையிடமிருந்து அதைப் பறித்தால், அது கருணையைக் கற்பதில்லை. பிறர் தருவதை அருவருக்கவே கற்கும். ‘பாலை ஏன் விட்டோம்?’ என்று அதுவே ஒருநாள் கேட்கும். அப்போது பசுவும் கன்றும் நிற்கும் தொழுவத்துக்கு அழைத்துச் சென்று காட்டலாம். பார்த்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளை தயிர்ச்சாதம் கேட்டால், அதையும் முகம் சுளிக்காமல் பரிமாறலாம்.