கற்ற பெண்ணும் கைம்மாறும்

கற்றவர் சமுதாயத்துக்குக் கடன்பட்டவர் என்னும் கருத்தை மறுப்பார் நம்மிடையே இல்லை. ஒருவர் பட்டம் பெறுவதற்குப் பின்னால் பெற்றோரின் உழைப்பு மட்டுமன்று. வரி செலுத்தியோர் பணமும், ஆசிரியரின் பொறுமையும், அதே வாய்ப்புக் கிட்டாது போன பலருடைய இழப்பும் இருக்கின்றன. பெற்றதை ஏதேனும் ஒரு வகையில் திருப்பித் தருதல் முறையே. ஆயினும் இந்தக் கடனை வசூலிப்பதில் ஆணுக்கு ஒரு நீதியும் பெண்ணுக்கு ஒரு நீதியும் வைத்திருக்கிறோமோ என்னும் ஐயம், 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றைப் பெங்களூரில் இருந்து கண்ட எனக்கு உண்டு. பட்டம் பெற்ற ஆண் ஒரு வேலையைச் செய்தால் அதற்கு உழைப்பு என்று பெயர்; பட்டம் பெற்ற பெண் அதே வேலையைச் செய்தால் அதற்குத் தொண்டு என்று பெயர். தொண்டுக்கு விலை பேசலாகாது என்பது நம் பண்பாடு. ஆகவே பேசாமலே விட்டுவிடுகிறோம்.

பெங்களூருக்குக் கொள்ளைநோய் புதிதன்று. 1898 ஆகஸ்டில் பிளேக் இந்நகருக்குள் புகுந்தது. தண்டுப் பகுதியில், படைமுகாமை ஒட்டி, நம் முன்னோர் பலர் குடியேறி வாழ்ந்த காலம் அது. மல்லேசுவரமும் பசவனகுடியும் விரைந்து வளர்ந்ததற்கும், 1910இல் பிரேசர் டவுன் எழுந்ததற்கும் அந்நோயே காரணம். பிளேக் மாரியம்மன் என்னும் பெயரில் கோயில்கள் இன்றும் இங்கே உள்ளன. அம்மனை நினைவில் வைத்த நாம் மற்றொன்றை மறந்துவிட்டோம். பிளேக் கட்டி தோன்றும் இடம் அக்குளும் தொடையிடுக்கும். சோதனை என்றால் அங்கேதான் கை வைத்துப் பார்க்க வேண்டும். பார்க்க வந்தவர்களோ பெரும்பாலும் ஆடவர். நோயை மறைத்துச் சாவதா, மானத்தை விட்டுப் பிழைப்பதா என்னும் கொடிய தேர்வு அக்காலப் பெண்களின் முன் வைக்கப்பட்டது. 1897இல் பூனாவில் இச்சோதனைகள் பெரும் கொந்தளிப்பை விளைவித்தன. பிளேக் மருத்துவமனையில் பெண்கள் நடத்தப்பட்ட முறையைக் கண்டித்துப் பண்டித ராமாபாய் பத்திரிகைக்கு எழுதினார். அதே பூனாவில், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, தமக்கும் நோய் தொற்றி, 1897 மார்ச் 10ஆம் நாள் உயிர் நீத்தவர் சாவித்திரிபாய் புலே. பெண்களுக்குப் பள்ளி திறந்த அந்த அம்மையாரிடம் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ளல் வேண்டும்.

பெண் மருத்துவர் வேண்டும் என்பதை இந்நாட்டுக்கு உணர்த்தியவற்றுள் கொள்ளைநோயும் ஒன்று. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களுக்குக் கதவு திறந்தது எனினும், முத்துலட்சுமி அம்மையார் அங்கிருந்து பட்டத்துடன் வெளிவந்தது 1912இல்தான். 1918 ஆகஸ்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். அவ்வாண்டின் பின்பகுதியில்தான் இன்புளுயன்சா இந்தியாவை வாரிக்கொண்டு போயிற்று. இறந்தோர் ஒரு கோடிக்கு மேற்பட்டவர். நூறு ஆண்டுகள் கழித்து, கொரோனா தீநுண்மியைப் பிரித்தெடுத்த பூனா தேசியத் தீநுண்மி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்த பிரியா ஆபிரகாம் அம்மையார், அந்த வேலூர்ப் பள்ளி வளர்ந்து உருவான கல்லூரியில் பயின்றவர்.

அதே 1918இல் நடந்த வேறொரு நிகழ்ச்சி நம்மவர் பலர் அறியாதது. இங்கிலாந்திலிருந்து ஒரு கல்விக் குழு அமெரிக்கா சென்றது. அதில் இரு பெண் பேராசிரியர் இருந்தனர்: இலக்கியம் கற்பித்த கரோலின் ஸ்பர்ஜன், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த ரோஸ் சிட்விக். நியூயார்க்கில் பர்னார்டு கல்லூரியின் தலைவி வர்ஜீனியா கில்டர்ஸ்லீவ் அவர்களுடன் உரையாடினர். உலகப் போர் மூண்டது போல் இனியொரு போர் மூளாதிருக்க, பட்டம் பெற்ற பெண்கள் நாடு கடந்து ஒன்றுகூட வேண்டும் என்னும் எண்ணம் அங்கே பிறந்தது. 1919இல் பல்கலைக்கழகப் பெண்களின் அனைத்துலகக் கூட்டமைப்புத் தோன்றியது. ஆனால் ரோஸ் சிட்விக் அதைக் காணவில்லை. ஊர் திரும்புமுன்பே, 1918 டிசம்பரில், நியூயார்க்கில் இன்புளுயன்சாவுக்கு இரையானார். எஞ்சிய இருவரும் அவர் பெயரால் ஓர் உதவித்தொகை நிறுவப்படத் துணை நின்றனர். எனக்கு இதில் பிடித்தது ஒன்று உண்டு. இறந்தவரைத் தியாகி என்று பாடி முடித்துக்கொள்ளாமல், வேறொரு பெண் படிப்பதற்குப் பணம் திரட்டினார்கள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. மாலையில் மாடியில் நின்று கை தட்டினோம், விளக்கு ஏற்றினோம். அந்த நாள்களில் பெங்களூரின் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கிக் காய்ச்சல் கேட்டவர்கள் ஆஷா என்று அழைக்கப்படும் பெண் ஊழியர்கள். ஏப்ரலில் இந்நகரிலேயே கணக்கெடுக்கச் சென்ற ஒருவர் தாக்கப்பட்டார். இவர்களுக்குப் பள்ளிப் படிப்பே போதும் என்பது விதி. ஏட்டில் இவர்கள் ஊழியர்களும் அல்லர், தொண்டர்கள். தருவது சம்பளம் அன்று, ஊக்கத்தொகை. 2020 சூலையில் கருநாடகத்தின் ஆஷா பெண்கள், ஏறத்தாழ 42,000 பேர், மாதம் 12,000 ரூபாய் நிலையாகத் தருக என்று கேட்டு வேலை நிறுத்தம் செய்தனர். நோய்க் காலத்தில் இப்படிச் செய்யலாமா என்று படித்தவர்களே முகம் சுளித்தனர். 2022 மே மாதத்தில் உலக நலவாழ்வு நிறுவனம் இந்திய ஆஷா பெண்கள் அனைவருக்கும் விருது வழங்கிற்று. விருதை மகிழ்ச்சியுடன் கொண்டாடினோம். 12,000 ரூபாய் கேட்டபோது சுளித்த முகமும் விருதுக்கு மலர்ந்த முகமும் ஒரே முகந்தான்.

பட்டதாரிப் பெண்களின் நிலை இதனினும் மேலானது என்று எண்ணிவிட வேண்டா. தனியார் பள்ளிகளில் பி.ஏ., பி.எட். முடித்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பலர், பள்ளி மூடியதும் பாதிச் சம்பளத்துக்கும், சில இடங்களில் வெறுங்கைக்கும் வந்தனர். 2021 சூன் மாதத்தில் கருநாடக அரசு, உதவி பெறாத பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஒருமுறை 5,000 ரூபாய் அறிவித்தது. அரசுப் பள்ளி ஆசிரியர்களோ 2020இல் வித்யாகமம் என்னும் திட்டத்தின்கீழ் மரத்தடியிலும் கோயில் திண்ணையிலும் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் நடத்தினர். ஆசிரியர்களுக்கு நோய் தொற்றியதாகவும் சிலர் இறந்ததாகவும் செய்தி வந்தபின், அக்டோபரில் அது நிறுத்தப்பட்டது.

மைய அரசு எழுத்தர்களாகிய எங்களுக்கு அக்காலத்தில் அகவிலைப்படி உயர்வு 18 மாதம் இல்லை. அதைப் பற்றி இன்றும் தேநீர் வேளையில் பேசுகிறோம். தவணைக் கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம். சம்பளமோ மாதந்தோறும் தவறாமல் வந்தது. “நீங்கள் தியாகம் செய்தீர்கள், அதுவே பெருமை” என்று எவரேனும் சொல்லியிருந்தால் நாங்கள் கேட்டுக்கொண்டு இருந்திருப்போமா?

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ இந்த வழக்கில் மிகக் கடினமான சாட்சி. இங்குள்ள நம் குடும்பங்கள் பலவற்றின் அண்ணன் மனைவி, நாத்தனார், சித்தி மகள் என்று தருமபுரியிலும் கிருட்டிணகிரியிலும் வேலூரிலும் எவரேனும் ஒருவர் அதில் இருந்திருப்பார். ஏறக்குறைய இரண்டு இலட்சம் தன்னார்வலர், பெரும்பாலோர் பெண்கள். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, 6 முதல் 8 வரை உள்ள வகுப்புகளுக்குப் பட்டம் என்பது தகுதி. மாலை ஐந்துக்கு மேல் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், தத்தம் தெருவில், சுமார் இருபது பிள்ளைகளுக்கு. மாதம் 1,000 ரூபாய். மாதத்துக்கு 25 நாள் என்று வைத்துக் கணக்கிட்டால், மணிக்கு 27 முதல் 40 ரூபாய் வரை ஆகிறது.

பயன் என்ன? கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியலறிஞர்கள் தமிழகத்தில் ஏறத்தாழ 19,000 சிறுவர்களைத் தொடர்ந்து சோதித்தனர். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில், இழந்த கல்வியில் மூன்றில் இரு பங்கு மீண்டதாகவும், அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் விளைந்தது என்றும் கண்டனர். தெருமுனையில் பாய் விரித்து அமர்ந்த பெண்கள் செய்த வேலை இது.

இதைச் சுரண்டல் என்று சொல்லிவிடுவது எளிது. நானும் முதலில் அப்படித்தான் வாதிட எண்ணினேன். ஆனால் அப்பெண்களுள் பலர் பட்டம் வாங்கிய ஆண்டே திருமணமாகி, அப்பட்டத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்கள். பத்தாண்டுக்குப்பின் தெருவார் தம்மை ‘டீச்சர்’ என்று அழைத்தது அவர்களுக்கு 1,000 ரூபாயினும் பெரிது. அந்த மகிழ்ச்சியை நாம் அறியாமை என்று தள்ளுவது அவர்களை இரண்டாம் முறை அவமதிப்பதாகும். அதே வேளையில், அவர்களது மகிழ்ச்சியைக் காட்டி, “பார், அவர்களே கேட்கவில்லையே” என்று நாம் பையை மூடிக்கொள்வதும் தகாது. திருவள்ளுவர் ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாகவும் ஈகையை அடுத்த அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தார். ஊருக்குச் செய்யும் கடமை வேறு, இரப்பவனுக்கு இடுவது வேறு. கைம்மாறு வேண்டாமை கொடுப்பவரின் அறம். கைம்மாறு தராமையைப் பெறுபவர் தம் அறமாகக் கொள்ள இயலாது. நம் மேடைப் பேச்சுகளில் இவ்விரண்டும் குழம்பிக் கிடக்கின்றன.

மணிமேகலையை நினைத்துப் பாருங்கள். தொண்டு செய்யும் பெண் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அவள் கையிலிருந்த அமுதசுரபி. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். அந்தப் பாத்திரம் வெறுமனே சுரக்கவில்லை என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். முதற்பிச்சையை ஒருவர் இட வேண்டியிருந்தது. ஆதிரை தன் வீட்டு வாயிலில் நின்று அதை நிறைத்தாள். அதன்பின்தான் காயசண்டிகையின் தீராப்பசி தீர்ந்தது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. தெய்வத்தன்மை வாய்ந்த பாத்திரத்துக்கே முதலில் ஒரு கைச்சோறு தேவைப்பட்டது. நாமோ நம் வீட்டுப் பெண்களை, ஆதிரை இல்லாமலே சுரக்கும் அமுதசுரபிகளாக எதிர்பார்க்கிறோம்.

அந்த முதற்பிச்சை எங்கிருந்து வர வேண்டும்? அரசிடமிருந்து ஒரு பங்கு, மறுப்பதற்கில்லை. மற்றொரு பங்கு வீட்டுக்குள்ளிருந்து வர வேண்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாள்தோறும் செலவிடுவது 299 நிமிடம். ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். இது பெருந்தொற்றுக்கு முந்திய கணக்கு. பிறகு பள்ளி வீட்டுக்குள் வந்தது, அலுவலகம் வீட்டுக்குள் வந்தது, வேலைக்காரப் பெண் வருவது நின்றது. ஒரு கைப்பேசியில் மகனுக்கு வகுப்பு, மறுகையில் கரண்டி, மடியில் அலுவலகக் கணினி என்று பெங்களூரின் எத்தனையோ குடியிருப்புகளில் பெண்கள் நாளைக் கடத்தினர். பட்டம் அவர்களுக்குச் சம்பளத்தைத் தந்தது; 299 நிமிடத்தில் ஒரு நிமிடத்தையும் குறைக்கவில்லை.

எங்கள் தெருவில் பி.காம். படித்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். சொந்த ஊர் திருப்பத்தூர்ப் பக்கம். 2021 மே மாதத்தில் தடுப்பூசிக்குக் கணினியில் பதிந்தால்தான் இடம் என்றிருந்தபோது, அந்தத் தளம் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. கட்டட வேலை செய்வோர், பூ விற்போர், வீட்டு வேலைக்குச் செல்வோர் என்று தமிழும் கன்னடமும் மட்டும் அறிந்தவர்களுக்கு அவர் தம் வீட்டு வாயிற்படியில் அமர்ந்து பதிவு செய்து கொடுத்தார். இடம் திறக்கும் வேளை தெரியாது. திறந்த சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். நள்ளிரவிலும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குடும்பத்தாரும் தெருவாரும் அவரிடம் மீண்டும் மீண்டும் சொன்ன சொல் ஒன்றுதான்: “நீ வீட்டில்தானே இருக்கிறாய்?”

ஊரடங்கெல்லாம் முடிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்பிக்க வேண்டும் என்று எங்கள் பகுதியினர் சிலர் கூடி, அந்த அம்மையாரை அணுகினோம். தமிழ்த்தொண்டு என்று தொடங்கி, அவர் முன்பு செய்த சேவையையும் போற்றி, பொன்னாடையும் போர்த்தினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? மாதம் எவ்வளவு தருவீர்கள்?” என்றார். வந்திருந்தவர்களுள் மூத்தவர் ஒருவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு அங்கேயே ஒரு தாளில் கணக்குப் போட்டோம். வீட்டுக்கு 150 ரூபாய், 22 வீடு. அவர் ஒப்புக்கொண்டார், ஞாயிறு காலைச் சமையலைத் தம் கணவர் பார்த்துக்கொள்வார் என்று அவரை அருகில் வைத்துக்கொண்டே அறிவித்தார். வகுப்பு சூனில் தொடங்கியது.